யூரியா: வயல், வைக்கோல், பிளைவுட், லாரி டேங்க் – ஒரு முழுமையான வழிகாட்டி

உரக்கடையில் ஆதார் காட்டி, மெஷினில் விரல் வைத்து, 266 ரூபாய் 50 காசு கொடுத்து வாங்கி வருகிற 45 கிலோ மூட்டையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சரக்கு. அதே சரக்கு பிளைவுட்டை ஒட்டவும், லாரிப் புகையைச் சுத்தம் செய்யவும், துணியில் சாயத்தைப் பிடிக்கவைக்கவும், பித்தவெடிப்புக் களிம்பில் சேரவும் பயன்படுகிறது. எங்கே பயன்பட்டாலும், கவனிக்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான்: யூரியா ஒரு கட்டத்தில் அம்மோனியாவாக மாறும். அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாறுகிறது என்பது நம் கையில் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டம். கீழே சொல்லும் ஒவ்வொரு முறையையும் இந்தக் கண்ணோடு படித்தால் அளவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

கையில் இருப்பது யூரியாதானா?

அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் அதிக அழுத்தத்தில், சூட்டில் சேர்த்துத்தான் தொழிற்சாலையில் யூரியா செய்கிறார்கள். தூத்துக்குடி ஸ்பிக், மணலி மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் எல்லாமே இந்த வழிதான். 1828-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெட்ரிக் வோலர் சோதனைச்சாலையில் முதன்முதலில் இதைச் செய்து காட்டினார். அதுவரை உயிருள்ள உடலிலிருந்துதான் இது கிடைக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

உர யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இல்லை, சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இல்லை. 2015 முதல் நம் நாட்டில் வழக்கமான உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த லேசான வாடையும் மங்கலான நிறமும் அதனால்தான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே இரண்டு சோதனை. ஒரு கைப்பிடி யூரியாவை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, டம்ளரைப் பிடித்துப் பாருங்கள். யூரியா கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், டம்ளர் ஜில்லென்று ஆகிவிடும். அடுத்து, பழைய கரண்டி ஒன்றில் நாலைந்து குருணையை வைத்து அடுப்பில் காட்டுங்கள். 133 டிகிரி அளவில் உருகித் தண்ணீர் போல ஓடும், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வரும், தீயைக் கூட்டினால் மிச்சமில்லாமல் போய்விடும். உப்போ வேறு எதுவுமோ கலந்திருந்தால் கரண்டியில் வெள்ளையாகத் தங்கும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தக் கரண்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

மூட்டை ஒரு அளவு அல்ல

"ஏக்கருக்கு ஒரு மூட்டை வீசு" என்பது ஊரில் சர்வ சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. ஆனால் மூட்டையே மாறிக்கொண்டிருக்கிறது. 2018 வரை 50 கிலோ, அதன் பிறகு 45 கிலோ. 2023-ல் அறிமுகமான கந்தகம் பூசிய யூரியா கோல்டு 40 கிலோ மூட்டை, அதில் தழைச்சத்து 37 சதவீதம்தான், கந்தகம் 17 சதவீதம். வேம்பு பூசிய 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது, கோல்டு மூட்டையில் 14.8 கிலோ. இரண்டையும் "ஒரு மூட்டை" என்று வீசினால் கணக்கு எங்கே போகும்?

ஆகவே தழைச்சத்திலிருந்து கணக்குப் போடுவோம். காவிரி டெல்டாவில் குறுவை நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு என்றால் தழைச்சத்து சுமார் 60 கிலோ, மற்ற இரண்டும் 20 கிலோ. மணிச்சத்துக்கு டிஏபி (மணிச்சத்தோடு தழைச்சத்தும் உள்ள டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுகிறவர்கள் 44 கிலோ டிஏபி போட்டால் போதும். அதிலேயே ஏறத்தாழ 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். பலர் இதைக் கழிக்காமல் விடுகிறார்கள். மீதி 52 கிலோ சொச்சத்துக்கு யூரியா 115 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் இந்தப் பொதுக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன்படியே போங்கள்.

இந்த 115 கிலோவையும் நான்காகப் பிரிக்க வேண்டும். அடியுரத்தில் டிஏபியோடு 16 கிலோ, பிறகு தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் 33 கிலோ வீதம். ஒரு தடவைக்கு 45 கிலோ மூட்டை முழுதாக என்பது எப்படிப் பார்த்தாலும் அதிகம்.

நெல்லுக்கு மேலுரம்: எங்கே காசு ஆவியாகிறது

மண்ணிலும், அறுவடைக்குப் பின் வயலில் அழுகும் பயிர்த் தாளிலும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. யூரியா அதில் பட்டதும் சில நாட்களுக்குள் அம்மோனியாவாக மாறத் தொடங்கும். சேற்றுக்குள் மாறினால் மண் பிடித்துக்கொள்ளும், பயிர் எடுத்துக்கொள்ளும். தேங்கி நிற்கும் தண்ணீரின் மேல்மட்டத்தில் மாறினால் காற்றோடு போய்விடும். வெயிலும் காற்றும் இருந்தால் இன்னும் வேகமாக. தண்ணீர் கட்டிய நெல் வயலில் போடும் யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். எஞ்சியதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்கு இறங்கும், இன்னொரு பங்கு நைட்ரஜன் வாயுக்களாகப் போகும். ஆகவே போடும் அளவைக் கூட்டுவதைவிடப் போடும் முறையைத் திருத்துவதில்தான் லாபம் அதிகம்.

முறை இதுதான்:

1. முதல் நாள் களை எடுத்துவிடுங்கள். களைக்கும் சேர்த்து உரம் போட யாருக்கும் வசதி இல்லை.

2. தண்ணீரை வடித்து, சேறு தெரியும் அளவுக்கு, மெல்லிய ஏடு மட்டும் நிற்கும்படி விடுங்கள். வாய்மடை, வடிமடை இரண்டையும் அடையுங்கள். வரப்பில் நண்டு வளை இருந்தால் அதையும் மிதித்து மூடுங்கள்.

3. இலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு வீசுங்கள். ஈர இலையில் குருணை ஒட்டினால் நுனி கருகும். மழை மூட்டம் கட்டியிருந்தால் தள்ளிப் போடுங்கள்.

4. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தண்ணீர் கட்டுங்கள். உடனே நிறையக் கட்டினால், இன்னும் அம்மோனியாவாக மாறாத யூரியா தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும்.

வேம்பு பூசிய யூரியாவானாலும், முதல் நாள் இரவே யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற எடை விகிதத்தில் கலந்து வைத்து, காலையில் போடுவது நல்ல பழக்கம். வேம்பு, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும். புண்ணாக்கைத் தூளாக்கிச் சலித்துக் கலப்பது முக்கியம். கட்டி கட்டியாகப் போட்டால் பெயருக்குத்தான் கலவை.

எப்போது போடுவது என்பதற்கு நாள்கணக்கைவிட நல்ல துணை இலை வண்ண அட்டை, அதாவது வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட நிறப்பட்டைகள் கொண்ட அட்டை. நட்ட 14-ம் நாளிலிருந்து, நேரடி விதைப்பானால் 21-ம் நாளிலிருந்து, வாரம் ஒரு முறை காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பாருங்கள். மேலிருந்து முழுதாக விரிந்த மூன்றாவது இலையை அட்டையோடு ஒட்டி வைத்து நிறம் பார்க்க வேண்டும். உங்கள் உடம்பின் நிழல் இலைமேல் விழட்டும், நேர் வெயிலில் நிறம் ஏமாற்றும். வயலில் பத்து இடத்தில் பார்த்து, ஆறு இடத்திலாவது அட்டையின் 4-ம் நிறத்தைவிட வெளிறி இருந்தால் மேலுரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னி போன்ற ரகத்துக்கு 4 கிடையாது, 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுவையில் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 31 கிலோ யூரியா, மழைக்காலப் பட்டத்தில் 26 கிலோ. பச்சை சரியாக இருந்தால் போட வேண்டாம், அடுத்த வாரம் பாருங்கள். கதிர் வரும் வரை இப்படியே.

பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்துக் கை துறுதுறுக்கும், உண்மைதான். அந்தக் கரும்பச்சையைத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் குலைநோயும் முதலில் தேடிப் போகும். பிறகு ஒரு காற்று மழைக்குப் பயிர் சாயும். யூரியாவில் மிச்சப்படுத்தாத காசு மருந்துக்கடையில் செலவாகும்.

மானாவாரி, மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றுக்குச் சுருக்கமாக: குழி அல்லது சால் பறித்து இரண்டு அங்குல ஆழத்தில் போட்டு மண் மூடுங்கள். விதையோடு ஒட்டிப் போடாதீர்கள், வெளிவரும் அம்மோனியா முளையைக் கொன்றுவிடும். உளுந்து, பயறு, கடலைக்கு யூரியாவைத் தாராளமாகப் போட்டால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு சோம்பிவிடும். சொட்டுநீரில் விடுகிறவர்கள் முதலில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர், பிறகு உரக் கரைசல், கடைசியில் குழாயைக் கழுவ மீண்டும் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதோடு கலக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து வைத்தால் நீர்விட்டுக் கூழாகிவிடும். சுண்ணாம்பு, சாம்பலோடு கலந்தால் கண்ணெதிரே அம்மோனியா பறக்கும். பொட்டாஷோடு கலக்கலாம், ஆனால் கலந்த கையோடு வயலில் போட்டுவிட வேண்டும்.

இலைவழி

வேர் திணறும் நேரத்தில், உதாரணமாக வெள்ளம் வடிந்த வயலில், தெளிப்பு உடனே பலன் கொடுக்கும். 1 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டருக்கு 100 கிராம். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானுக்கு 160 கிராம். நெல்லுக்குக் கதிர் உருவாகும்போது ஒரு தடவை, பத்து நாள் கழித்து இன்னொரு தடவை: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் யூரியா 2 கிலோ, டிஏபி 4 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. டிஏபியை முதல் நாளே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். துத்தநாகக் குறையால் நாற்று வெளிறிப் பழுப்புப் புள்ளி விழுந்தால், 1 சதவீத யூரியாவோடு அரை சதவீதம் துத்தநாக சல்பேட் சேர்த்துத் தெளிக்கலாம். உச்சி வெயிலில் எதையும் தெளிக்க வேண்டாம்.

வைக்கோலைச் செறிவூட்டுதல்

வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். யூரியாவில் பதப்படுத்தினால் அது 7, 8 வரை உயரும், மாடும் கூடுதலாகத் தின்னும். வயலில் அம்மோனியா பறக்காமல் பார்த்துக்கொண்டோம். இங்கே தலைகீழ்: அம்மோனியா உருவாகவும் வேண்டும், ஆனால் தார்பாய்க்குள்ளேயே சிக்கியிருக்கவும் வேண்டும். அதுதான் வைக்கோலின் கெட்டி நாரைத் தளர்த்துகிறது.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். யூரியாவைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் நிறுங்கள். டிரம்மில் ஒரு குருணை கூட மிச்சமில்லாமல் கரையுங்கள். கெட்டித் தரையில் பாலித்தீன் தாள் விரித்து, அரை அடி உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளித்து, ஏறி மிதித்து அமுக்குங்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு, மறுபடி தெளிப்பு, மறுபடி மிதிப்பு. எல்லாம் முடிந்ததும் தாளால் இறுக மூடி, ஓரம் முழுக்க மண் அணைத்துவிடுங்கள். 21 நாள் திறக்கக் கூடாது. திறக்கும்போது கண் எரியும் அளவுக்கு வாடை வந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். வைக்கோல் பொன்பழுப்பாக மாறி, கையில் மெத்தென்று இருக்கும். பூஞ்சணம் கறுப்பாகப் பிடித்திருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்குங்கள்.

அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விட்டு, முதல் வாரம் சாதா வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். குதிரை, பன்றிக்கும் இது ஆகாது. அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் இந்த நைட்ரஜனைப் புரதமாக்குகின்றன.

ஒரு எச்சரிக்கை. தாகத்தோடு வரும் மாடு யூரியா கரைத்த வாளியில் வாய் வைத்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் உயிர் போகலாம். நுரை தள்ளும், உடல் நடுங்கும், வயிறு ஊதும். இரைப்பையில் அம்மோனியா ஒரேயடியாகப் பெருகுவதுதான் காரணம். உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து வாய்வழியே கொடுப்பது முதலுதவி. புளிப்பு அம்மோனியாவைக் கட்டிப்போடும், குளிர்ச்சி அது உருவாகும் வேகத்தைக் குறைக்கும். புரையேறிவிடாமல் மெதுவாகக் கொடுக்க வேண்டும். டிரம்மையும் காலி மூட்டையையும் தொழுவம் பக்கமே வைக்காமல் இருந்தால் இந்தப் பாடே இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடக்கும் தென்னைநார்க் கழிவை உரமாக்கவும் யூரியா உதவும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்து ஐந்து புட்டியும். 100 கிலோ கழிவு பரப்பி ஒரு புட்டி வித்து, அதன்மேல் 100 கிலோ கழிவு, அதில் 1 கிலோ யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று வரும்.

பிளைவுட்டும் பீங்கான் போன்ற தட்டும்

யூரியாவை ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துக் காய்ச்சினால் பசை கிடைக்கும். மரத்தகடுகளுக்கு இடையே பூசிச் சூட்டில் அழுத்தினால் இறுகிக் கல்லாகிவிடும். கேரளத்தின் பெரும்பாவூரிலும் ஹரியானாவின் யமுனாநகரிலும் பிளைவுட் தொழிலின் அடிப்படைச் சரக்கு இதுதான். மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் இரண்டுக்கும் பெரும்பாலும் இதே பசை. விலை மலிவு, ஆனால் தண்ணீருக்குத் தாங்காது. கடையில் "எம்.ஆர். கிரேடு" என்று சொல்வது காற்றின் ஈரத்தைத் தாங்குமே தவிர, சிங்க் அடியில் சொட்டும் தண்ணீரைத் தாங்காது. சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் ஃபீனால் பசை போட்ட பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும் தரம்) கேளுங்கள். புது அலமாரியைத் திறந்தால் கண் எரிவது பசையில் தங்கிய ஃபார்மால்டிஹைடு. சில வாரம் கதவைத் திறந்துவைத்துக் காற்றாட விடுங்கள்.

யூரியாவை மேலும் சூடாக்கி மெலமின் செய்கிறார்கள். உடையாத தட்டும், மேசை மேல் ஒட்டும் பளபளப்பான தாளும் அதிலிருந்து வருபவை.

லாரியில் ஊற்றும் யூரியா

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு "டெஃப்" பழகிப்போன சொல். ஆட்புளூ என்று கேட்டாலும் இதுதான். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்புகள் நீக்கிய தண்ணீர். இந்த விகிதத்தில்தான் உறைநிலை மைனஸ் 11 டிகிரிக்குத் தாழும், கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கு முன்பே உறையும். சூடான புகைக்குழாயில் பீய்ச்சும்போது யூரியா அம்மோனியாவாகி, அங்கே இருக்கும் வினையூக்கியின் உதவியோடு புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். எரியும் டீசலில் 3 முதல் 5 சதவீதம் வரை இது செலவாகும்.

"உர மூட்டையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போச்சு" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். வேப்பெண்ணெய், உர யூரியாவில் ஒன்றரை சதவீதம் வரை அனுமதிக்கப்படும் பையூரெட் (யூரியா சூடாகும்போது உண்டாகும் துணைப்பொருள்), போர் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து நாசிலை அடைத்து, வினையூக்கியைக் கெடுத்துவிடும். டெஃப் தரத்தில் பையூரெட் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய கேனை வெயிலில் வைக்க வேண்டாம், சூட்டில் கேனுக்குள்ளேயே சிதையத் தொடங்கும். நீல மூடி போட்ட டேங்கில்தான் ஊற்ற வேண்டும். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2021-ன் இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென் கொரியாவில் லாரிகளுக்கு இந்தக் கரைசல் கிடைக்காமல் பெரும் தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு மே மாதம் இலங்கை இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நவம்பரில் திரும்பப் பெற்றது. அதற்குள் அங்கே நெல் விளைச்சல் படுத்துவிட்டது.

சாயப்பட்டறை, களிம்பு, கழிவுநீர்

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயத்தால் பிரிண்ட் செய்யும் பட்டறைகளில் சாயக் குழம்போடு யூரியா சேர்ப்பார்கள். நீராவியில் வேகவைக்கும்போது அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சாயம் கரைந்து நூலுக்குள் இறங்கும். நிறம் நன்றாக ஏறும். ஆனால் அலசும் தண்ணீரில் அத்தனை யூரியாவும் சாக்கடைக்கு வரும், சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமை. நேர்மாறாக, ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாதபோது அவற்றுக்குத் தீனியாக யூரியாவையே போடுகிறார்கள்.

தோல் களிம்பில் 10 சதவீத யூரியா ஈரப்பதம் காக்கும், 20 முதல் 40 சதவீதம் தடித்த தோலை இளக்கும். குதிகால் வெடிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். உர மூட்டையிலிருந்து வீட்டு வைத்தியம் வேண்டாம்.

மேலே சொன்ன தொழில்களுக்கெல்லாம் தொழில் தர யூரியாவைத் தனியாக வாங்க வேண்டும், விலை உர யூரியாவைவிடப் பல மடங்கு. அந்த விலை வித்தியாசத்தால்தான் மானிய மூட்டை இரவோடு இரவாகப் பசைத் தொழிற்சாலைக்குப் போகிறது. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அது குற்றம். மேலுரம் போடும் வாரத்தில் கடையில் சரக்கு இல்லை என்று கை விரிப்பதற்கு இந்தக் கடத்தலும் ஒரு காரணம்.

பாலில் இருக்கிறதா?

தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது தெரியாமல் இருக்க யூரியா கலப்பவர்கள் உண்டு. கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை இருக்கிறது. ஒரு தேக்கரண்டி பாலில் அரைத் தேக்கரண்டி பச்சைத் துவரம்பருப்புப் பொடியோ சோயாப் பொடியோ போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் முக்கி எடுங்கள். தாள் நீலமானால் யூரியா இருக்கிறது. மண்ணில் சொன்ன அதே யூரியேஸ் நொதி இந்தப் பருப்புகளிலும் உண்டு, அது யூரியாவை அம்மோனியாவாக்குவதால்தான் தாள் நிறம் மாறுகிறது. வறுத்த பருப்பில் நொதி செத்திருக்கும், பலிக்காது.

பாலில் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு. லிட்டருக்கு 700 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்ட அளவு. ஆகவே தாள் நீலமானதும் பால்காரரோடு சண்டைக்குப் போகாமல், மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்து ஆய்வகத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.